இரண்டாவது ஓட்டு

எனக்கு முதல் வேலை கிடைத்தபோது வயது இருபத்திரண்டு. ஒரு நாற்காலி, ஒரு தட்டச்சு இயந்திரம், இரண்டு முதலாளிகள். ஒருவர் ஆளுங்கட்சி, இன்னொருவர் எதிர்க்கட்சி. இரண்டு பேருமே எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள். இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். "ஒரு தொகுதிக்கு ஒரு எம்.பி.தானே அத்தை?" என்று என் அண்ணன் மகள் சிரித்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே அந்தத் தொகுதி காணாமல் போய்விட்டது, அவளைக் குற்றம் சொல்லி என்ன பயன்.

எங்கள் ஊரை ரயில் பாதை இரண்டாக வெட்டுகிறது. மேற்கே ஆலைகளும் ஆலைக் குடியிருப்புகளும். கிழக்கே ஆறு, தோட்டங்கள், பழைய கடைத்தெரு. நாட்டில் முதன்முதலாகத் தொகுதி பிரித்த காலத்தில் இந்த இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அந்தப் பக்கத்து ஆள் ஜெயித்தால் நமக்குத் தண்ணீர்க் குழாய் வராது என்று இவர்கள். இந்தப் பக்கத்து ஆள் ஜெயித்தால் நமக்குப் பள்ளிக்கூடம் வராது என்று அவர்கள். இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம் என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே பெரிய தொகுதியாக்கி, அதற்கு இரண்டு உறுப்பினர்கள் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். நாடு முழுவதும் இப்படிப் பதினொரு தொகுதிகள் இருந்தன. எங்கள் ஊர்க்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது. அதிக ஓட்டு வாங்கிய முதல் இரண்டு பேர் தலைநகரத்துக்குப் போவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அப்படி ஜெயித்தவர்கள் நர்ஸம்மாவும் வக்கீல் சாரும்.

நர்ஸம்மா ஆலை ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் பிரசவம் பார்த்தவர். எதிர்க்கட்சி. கல்யாணம் ஆகாதவர். "எனக்கு ஓட்டுப் போட்டதுல பாதிப் பேரு நான் திட்டினதுக்கு அப்புறம்தான் பிள்ளை பெத்தாங்க" என்பார். வக்கீல் சார் ஆளுங்கட்சி. தொழிலாளர் வழக்குகள் பார்த்தவர். மனைவி இறந்து, பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரே மகனுடன் இருந்தார். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், நர்ஸம்மா நிறுத்தினால்தான் உண்டு. என்னை இரண்டு பேருமே 'டைப்பு' என்றுதான் கூப்பிட்டார்கள். என் பெயர் அவர்களுக்குத் தெரியுமா என்று எனக்கே சந்தேகம்.

அலுவலகம் ரயில்வே கேட்டை ஒட்டி, கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேல் மாடியில். அரசாங்கம் ஒரு தொகுதிக்கு ஓர் அறை என்று கணக்குப் போட்டது, உறுப்பினர் எத்தனை பேர் என்று பார்க்கவில்லை. எதிரெதிராக இரண்டு மேஜை. நடுவில் நான். மின்விசிறி ஒன்றுதான், அது என் தலைக்கு மேல். ஆகவே அந்த அறையில் காற்று வாங்கியது நான் மட்டும்தான். மனு கொடுக்க வருகிறவர்கள் படியேறி வந்து முதலில் குழம்பி நிற்பார்கள். எந்த மேஜைக்குப் போவது? விவரமானவர்கள் ஒரே மனுவை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு வந்து இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டு, 'அவங்க செய்யறாங்களான்னு பார்ப்போம்' என்று இவரிடமும் 'இவர் செய்யறாரான்னு பார்ப்போம்' என்று அவரிடமும் சொல்லிவிட்டுப் போவார்கள். வேலை நடந்துவிடும். இரண்டு பேரில் எவரும் மற்றவர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாதே.

ஆரம்பத்தில் என் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். "டைப்பு, அந்தம்மாகிட்ட பேனா இருக்கான்னு கேளு." அந்தம்மா நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கூத்து ஒரு நாள் காலையில் முடிவுக்கு வந்தது.

கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று பாதையில் நின்றுவிட்டது, எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டியில் பிரசவ வலியோடு ஒரு பெண். அவள் அலறல் எங்கள் மாடிக்குக் கேட்டது. நர்ஸம்மா செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினார். பின்னாலேயே வக்கீல் சார், என்ன செய்வது என்று தெரியாமல், கையில் கிடைத்த குடையோடு. "அங்க நின்னு வேடிக்கை பார்க்காதீங்க. குடையை விரிங்க. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்று நர்ஸம்மா அதட்டினார். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒன்றே கால் மணி நேரம் வெயிலில் வண்டிக்கு முதுகு காட்டி, குடையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்ற இடத்திலிருந்தே கேட் காவலாளிக்கு ரயில்வே சட்டம் முழுவதையும் ஒப்பித்தார். காவலாளி பாவம், அவரால் ரயிலையா தள்ள முடியும்? பெண் குழந்தை பிறந்தது. சுற்றிக் கொடுக்கத் துணி இல்லை. வக்கீல் சார் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பின்பக்கமாகவே நீட்டினார்.

அன்று மதியம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கு மேல் பாலம் கட்ட வேண்டும் என்று முதல் கடிதம் எழுதினார்கள். வக்கீல் சார் ஒரு வரி சொல்ல, நர்ஸம்மா அதைத் திருத்த, நான் ஆறு தடவை அடித்தேன். அடியில் இரண்டு கையெழுத்து. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு வருகிற கடிதத்தை எந்த அமைச்சராலும் ஓரமாக வைக்க முடியவில்லை. ஆறு வருடம் எழுதினார்கள். பாலம் வந்தது.

அந்த வருடங்களை எப்படிச் சொல்வது? நாடாளுமன்றம் கூடும் வாரங்களில் இரண்டு பேரும் ஒரே ரயிலில் தலைநகரத்துக்குப் போவார்கள். ஏழு மணி நேரப் பயணம். நர்ஸம்மா மனுக்களை வாசிப்பார், வக்கீல் சார் வேர்க்கடலை தின்றுகொண்டே பதில் சொல்வார். அங்கே இறங்கியதும் அவர் வலது பக்க இருக்கை, இவர் இடது பக்க இருக்கை, ஒருவரை ஒருவர் கிழி கிழியென்று கிழிப்பார்கள். அதே ரயிலில் திரும்பி வருவார்கள். கூட்டத்தொடர் இல்லாத நாட்களில் காலை பத்து மணிக்கு வக்கீல் சார் படியேறி வந்தால் நர்ஸம்மாவுக்குத் தலைநிமிராமலேயே முகம் மாறும். அவருக்கு நீதிமன்றத்தில் வேலை இருந்து வராமல் போனால், அன்று வருகிற மனுக்காரர்களுக்கெல்லாம் நர்ஸம்மாவிடம் திட்டு விழும். எனக்குப் புரியாமல் இல்லை. ஊருக்கும் புரியாமல் இல்லை. கீழே கடிகாரக்காரர், "மேல ரெண்டு முள்ளும் சேர்ந்து நிக்குதா?" என்று என்னிடம் கண்ணடிப்பார்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். வக்கீல் சார் இல்லை. நாங்கள் இருவரும் கடிதங்களை மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தோம்.

"அம்மா, தப்பா நெனக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் ஏன் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது?"

அவர் கோபப்படவில்லை. மடித்த கடிதத்தை இன்னொரு தடவை மடித்தார்.

"ஜனங்க ரெண்டு கட்சியிலேருந்து ரெண்டு பேரை எதுக்கு அனுப்பினாங்க, டைப்பு? அவர் தப்புப் பண்ணா நான் கேப்பேன், நான் பண்ணா அவர் கேப்பார்னுதானே? கல்யாணம் பண்ணிட்டா யாரு யாரைக் கேக்கறது? ரெண்டு ஓட்டையும் ஒரே வீட்டுக்குப் போட்ட மாதிரி ஆயிடும். அதைச் சட்டமே கூடாதுங்குது."

"சட்டம் கல்யாணத்தைப் பத்தியா சொல்லுது?"

"எனக்கு அப்படித்தான் கேக்குது" என்றார். அடுத்த உறையை எடுத்துக்கொண்டே, "அவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்கும் அப்படித்தான் கேக்குதோ என்னவோ" என்றார்.

ஒன்பதாவது வருடம் அந்த மசோதா வந்தது. இரட்டை உறுப்பினர் தொகுதிகள் பதினொன்றையும் ஒழித்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரிப்பது என்று. எங்கள் தொகுதிக்கு எல்லை ரயில் பாதை. கட்சிக் கட்டளை கிடையாது, அவரவர் மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம் என்று இரண்டு கட்சிகளும் சொல்லிவிட்டன. ஊரில் பெரும்பாலோருக்குப் பிடிக்கவில்லை. வக்கீல் சார் ஒரு கூட்டத்தில், "ரெண்டு கண்ணு இருக்கிற ஊரை ஒத்தைக் கண்ணா ஆக்கப் பாக்கறாங்க" என்று பேசிக் கைதட்டல் வாங்கினார்.

நர்ஸம்மா எதுவும் பேசவில்லை. வக்கீல் சார் நீதிமன்றத்துக்குப் போயிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, "டைப்பு, தாளைச் செருகு" என்றார். வக்கீல் சார் இல்லாத நேரம் பார்த்து நர்ஸம்மா ஒரு விஷயத்தைச் சொல்லி நான் அடித்தது அதுதான் முதல் தடவை. நாடாளுமன்றத்தில் பேசப்போகும் உரை. 'என் ஊரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு ஓட்டு. அடுத்த ஊரில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கைக்கு ஒரே ஓட்டு. இரண்டு பேரையும் பெற்றவள் ஒருத்தி. இரண்டு பேருக்கும் பிரசவம் பார்த்தவள் நான். அக்காவுக்கு ஏன் இரண்டு என்று தங்கை கேட்டால் நான் என்ன நியாயம் சொல்வேன்?' என் விரல் நின்றுவிட்டது.

"அம்மா, இந்த மசோதா ஜெயிச்சுட்டா இந்த ஆபீஸ் போயிடும்."

"தெரியும். அடி."

அந்த உரையை வானொலியில் கேட்டேன். அவர் குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது. மசோதா பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது. யார் யார் எப்படிப் போட்டார்கள் என்று வானொலி சொல்லவில்லை. ஊர் சொன்னது: நர்ஸம்மா ஆதரவு, வக்கீல் எதிர்ப்பு. மேடையில் அப்படிப் பேசியவர் வேறு எப்படிப் போடுவார்? நர்ஸம்மாவும் அப்படித்தான் நினைத்தார். ஓட்டெடுப்பின்போது ஆதரிப்பவர்கள் போய் நிற்கும் கூடத்தில் அவரைத் தேடியிருக்கிறார். அங்கே அவர் இல்லை. அது போதுமானதாக இருந்தது. அந்த முறை இருவரும் வேறு வேறு ரயிலில் திரும்பினார்கள்.

தேர்தல் வந்தது. நர்ஸம்மா தன் வீடு இருந்த ஆற்றுப் பக்கம் நின்று ஜெயித்தார். வக்கீல் சார் தன் வீடு இருந்த ஆலைப் பக்கம் நின்றார். அங்கே அவரை எதிர்த்து நர்ஸம்மாவின் கட்சி ஒரு புது ஆளை நிறுத்தியது. யாருக்கும் முகம் தெரியாத ஆள். வக்கீல் சார் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார்.

அதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஆலைப் பக்கம் எப்போதுமே நர்ஸம்மாவின் கட்சிதான் பலம். இரண்டு ஓட்டு இருந்தபோது ஜனங்கள் முதல் ஓட்டைக் கட்சிக்குப் போட்டார்கள், இரண்டாவது ஓட்டை மனிதனுக்குப் போட்டார்கள். தங்கள் வழக்கை நடத்தியவருக்கு, தெருவில் நின்று பேசியவருக்கு, வெயிலில் குடை பிடித்தவருக்கு. ஒரே ஓட்டு என்று ஆனதும் அதைக் கட்சிக்குப் போட்டுவிட்டு, மனதுக்குள் வக்கீலுக்காக வருத்தப்பட்டார்கள். வருத்தம் பெட்டிக்குள் விழாதே.

பிரசார நாட்களில் இன்னொன்றும் நடந்தது. கட்சித் தலைமை வற்புறுத்தி, அந்தப் புது ஆளுக்காக நர்ஸம்மாவை ஆலைப் பக்கம் ஒரு மேடையில் ஏற்றியது. நான்கு நிமிடம் பேசினார். குடிநீரைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி. வக்கீல் சார் பெயரை எடுக்கவே இல்லை. மேடையிலிருந்து பார்த்தால் வக்கீல் சார் வீட்டு மாடி தெரியும்.

அலுவலகத்தைக் காலி செய்த அன்று வக்கீல் சார் தன் புத்தகங்களை எடுக்க ஆளை அனுப்பினார், தான் வரவில்லை. நான் நர்ஸம்மாவோடு ஆற்றுப் பக்கத்துப் புது அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரே முதலாளி. வேலை பாதியாகியிருக்க வேண்டும், ஏனோ இரண்டு மடங்காகத் தெரிந்தது. எதிரே மேஜை இல்லாததால் நர்ஸம்மா கடிதம் சொல்லும்போது ஒவ்வொரு வரிக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்துவார். யாரோ திருத்துவார்கள் என்று காத்திருப்பது போல. யாரும் திருத்தாததால் அடுத்த வரிக்குப் போவார்.

பத்தொன்பது வருடம். ஒரே ஊர். நடுவில் ஒரு பாலம், அதுவும் அவர்களே கட்ட வைத்தது. சாவு வீடுகளில் பார்த்துக்கொண்டால் தலையசைப்பார்கள். நர்ஸம்மா ஆற்றுப் பக்கத்தில் மூன்று தடவை ஜெயித்துவிட்டு, போதும் என்று விலகினார். வக்கீல் சார் மறுபடி தேர்தலில் நிற்கவே இல்லை. மகன் படித்து, வேலை கிடைத்து, கடலுக்கு அப்பால் போய்க் குடியேறினான். நான் நர்ஸம்மா வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் போய் அவருக்கு வரும் கடிதங்களைப் பார்த்துக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மனுக்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நாடாளுமன்ற நூலகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒழிக்கப்பட்ட அந்தப் பதினொரு தொகுதிகளின் வரலாற்றை எழுதுகிறாராம். மெலிந்த ஆள், மூக்குக் கண்ணாடி நழுவிக்கொண்டே இருந்தது. நர்ஸம்மாவிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வாக்காளர் எண்ணிக்கை, தேர்தல் தேதிகள், எல்லைகள். போய் இரண்டு மாதம் கழித்து எங்கள் தொகுதி பற்றிய அத்தியாயத்தின் வரைவை அனுப்பி, பிழை இருந்தால் திருத்தச் சொன்னார்.

நான்தான் சத்தமாக வாசித்தேன். நர்ஸம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பத்தாவது பக்கத்தில் இப்படி இருந்தது: 'தொகுதியை ஒழிக்கும் மசோதாவுக்கு அதன் உறுப்பினர்களுள் ஒருவர் ஆதரவாக வாக்களித்தார். மற்றவர் அவை வளாகத்தில் இருந்தும் வாக்களிக்கவில்லை.'

"திரும்பப் படி" என்றார்.

படித்தேன்.

"தப்பாப் போட்டிருக்காங்க."

"அடியில குறிப்பு இருக்கும்மா. வாக்குப் பட்டியல், வருகைப் பதிவேடு, பக்க எண்ணோட போட்டிருக்காங்க."

அந்தப் பட்டியலை அவர் நினைத்திருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். மூன்று தடவை அந்தக் கட்டிடத்திலேயே உறுப்பினராக இருந்தவர். பார்க்க மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார். அப்போது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நல்ல புடவை மாற்றியிருந்தார். "வா, பாலத்தைத் தாண்டணும்" என்றார்.

அறுபத்தாறு வயதில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. வக்கீல் சார் வீட்டு மாடிப்படி ஏறும்போது மட்டும் நடுவில் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதோ என்று கையைப் பிடித்தேன். மூச்சு அல்ல.

கதவைத் தட்டினேன். "யாரு?" என்று உள்ளேயிருந்து குரல்.

"தொகுதி ஆளுங்க" என்றார் நர்ஸம்மா.

உள்ளே காலடிச் சத்தம் கதவுக்கு அருகில் வந்து நின்றது. பிறகு, "எந்தத் தொகுதி?"

"பழைய தொகுதி."

கதவு திறந்தது. வக்கீல் சார் இளைத்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் என்னிடம்தான் பேசினார். "வா டைப்பு. தலையெல்லாம் நரைச்சுப் போச்சே." பிறகு அவரைப் பார்த்தார். "உட்காருங்க, நர்ஸம்மா."

நர்ஸம்மா உட்காரவில்லை. தாளை நீட்டினார். "பத்தாவது பக்கம்."

வக்கீல் சார் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். "சரியாத்தானே போட்டிருக்கான்?"

"நீங்க எதிர்த்துப் போட்டீங்கன்னு பத்தொன்பது வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"நான் அப்படி எப்போ சொன்னேன்?"

"இல்லைன்னும் சொல்லலையே."

"கேட்டாத்தானே சொல்றதுக்கு."

நான் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போய்விட்டேன். அந்த வீட்டில் சமையலறைக்குக் கதவு கிடையாது. எனக்குக் காதும் நன்றாகவே கேட்கும்.

"ஏன் போடலை?" என்றார் நர்ஸம்மா.

"நீங்க பேசினதை உள்ளே உட்கார்ந்து கேட்டேன். அந்த அக்கா தங்கச்சி விஷயம். அதுக்குப் பதில் என்கிட்ட இல்லை. சரின்னு தெரிஞ்சதுக்கு எதிரா எப்படிப் போடறது? ஓட்டெடுப்பு முடிஞ்சு மணி அடிக்கிற வரைக்கும் தாழ்வாரத்துல தண்ணிக் குழாய்கிட்ட நின்னேன்."

"அப்போ ஆதரிச்சுப் போட்டிருக்கலாமே."

தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. நான் அடுப்பைக் குறைத்தேன்.

"தொகுதி உடைஞ்சா நீங்க ஒரு பக்கத்து எம்.பி., நான் ஒரு பக்கத்து எம்.பி. அதுக்கப்புறம் நம்மளை யாரும் எதுவும் கேக்க முடியாது. ரெண்டு ஓட்டும் ஒரே வீட்டுக்குப் போச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. அந்த ஆசை எனக்கு இருந்தது. ஆதரிச்சுப் போட்டா நியாயத்துக்காகப் போடறேனா, அந்த ஆசைக்காகப் போடறேனான்னு எனக்கே தெரியலை. ஊரோட ஓட்டை வச்சுக்கிட்டு என் சொந்தக் காரியத்தைப் பார்த்துக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் போடலை."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நர்ஸம்மா உட்கார்ந்துவிட்டார்.

"நான் போட்டேன்" என்றார்.

"தெரியுமே. நீங்க நியாயத்துக்காகப் போட்டீங்க."

"பாதி."

"என்ன பாதி?"

"பாதி நியாயத்துக்காக. மிச்சப் பாதி என்னன்னு இப்ப நீங்கதான் சொன்னீங்க."

நான் டீத்தூளைப் போட்டேனா இல்லையா என்பதே எனக்கு நினைவில்லை. மறுபடி ஒரு கரண்டி போட்டேன்.

"அப்புறம் ஏன் வரலை நீங்க?" என்று நர்ஸம்மாதான் கேட்டார், கோபமாகவே.

"தோத்துட்டு எப்படி வர்றது? பாவம்னு நெனச்சு நீங்க சரின்னு சொல்லிட்டா? சரி, நீங்க ஏன் வரலை?"

"ஜெயிச்சுட்டு எப்படி வர்றது? அதுவும் அந்த மேடையில ஏறிட்டு?"

"நாலு நிமிஷம் பேசினீங்க. மாடியில நின்னு கேட்டேன். என்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலை."

"நல்லதாவும் ஒரு வார்த்தை சொல்லலை."

"ஆமா" என்றார் வக்கீல் சார். "அதுதான் வலிச்சது."

டீயைக் கொண்டுபோய் வைத்தேன். கஷாயம் போல இருந்தது. இரண்டு பேரும் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் பாலத்தைத் தாண்டினோம். சாக்கு அந்த வரலாறு. நூலகக்காரர் எழுதியதில் எல்லாம் எண்ணாகவே இருக்கிறது, விஷயம் இல்லை என்று வக்கீல் சார் கண்டுபிடித்தார். நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம் என்றார். நான் என் பழைய இயந்திரத்தை அங்கே கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு வரி சொல்வார், நர்ஸம்மா திருத்துவார். கேட்டில் பிறந்த குழந்தைக்கு எத்தனை பவுண்டு எடை என்று ஒரு முழுக் காலைப்பொழுது சண்டை. தராசே இல்லாத இடத்தில் எடை எப்படித் தெரியும் என்று இவர், பதினெட்டு வருடம் தூக்கிய கைக்குத் தராசு எதற்கு என்று அவர். கடைசியில் 'நல்ல எடை' என்று அடித்தேன். நாற்பத்து மூன்று பக்கம் ஆனது.

கல்யாணத்தைப் பற்றி அவர்கள் பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. நான் அடித்துக்கொண்டிருந்த நேரங்களில் பேசவில்லை. ஒரு தடவை மட்டும் நான் தாள் மாற்றும்போது வக்கீல் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நாற்பத்தஞ்சு வயசுல இந்தப் பாலத்துல நடந்திருந்தா முட்டி வலிச்சிருக்காது" என்றார். நர்ஸம்மா, "இப்ப மட்டும் நீங்களா நடக்கறீங்க? நான்தானே நடந்து வர்றேன்" என்றார். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

புத்தகம் வந்தது. பதினொரு தொகுதிகளுக்கும் சேர்த்துத் தடியான புத்தகம். வரைவில் பதினாலு பக்கமாக இருந்த எங்கள் அத்தியாயத்தையே பதிப்பில் சுருக்கியிருந்தார்கள். ஒன்றரைப் பக்கம். எங்கள் நாற்பத்து மூன்று பக்கத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியம் உள்ளே போயிருந்தது: 'இரு உறுப்பினர்களின் கூட்டு முயற்சியால் ரயில்வே மேம்பாலம் அமைந்தது.' நான் கொதித்துப் போனேன். வக்கீல் சார் அந்த வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "கூட்டு முயற்சின்னு அச்சுலயே போட்டுட்டான்" என்று புத்தகத்தை நர்ஸம்மாவிடம் கொடுத்தார். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் வக்கீல் சார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. மகன் பறந்து வந்தான். நல்ல பையன், அப்பாவைத் தனியாக விட முடியாது, கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். நியாயமான பேச்சு. நர்ஸம்மாவும் அது நியாயம் என்றுதான் சொன்னார். வாழ்நாள் முழுவதும் அவருக்கு நியாயத்தோடு இதே தொல்லைதான். வக்கீல் சாரின் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு உறையிலும் தன் கையால் எழுதி, மகனிடம் கொடுத்து மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தார். கிளம்பும்போது வக்கீல் சார் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் நர்ஸம்மாவின் கையைப் பிடித்தார். எல்லார் முன்னாலும். நான் பார்த்து அதுதான் முதல் தடவை. "வந்து பாருங்க" என்றார். "பார்க்கறேன்" என்றார் இவர்.

பிறகு தொலைபேசி. புதன்கிழமை பதினொரு மணிக்கு. நர்ஸம்மா பத்தரைக்கே தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கே மழை, இங்கே வெயில், முட்டி, மாத்திரை, பேரனுக்குப் பல் முளைத்தது. வைத்தபிறகு அரை மணி நேரம் அவரிடம் எதையும் கேட்கக் கூடாது. மற்ற நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் யாரோ போவார்கள், வருவார்கள்.

"போயிட்டு வாங்களேம்மா" என்று ஒரு வருடம் சொன்னேன். பயணம் ஒத்துக்காது என்றார். பாஸ்போர்ட் காலாவதி என்றார். தெருக் குழாய் மனு ஒன்று பாதியில் நிற்கிறது என்றார். அந்த மனுவை நானே நகராட்சிக்கு அலைந்து முடித்துவிட்டு, பாஸ்போர்ட் விண்ணப்பத்தையும் அடித்து அவர் முன்னால் வைத்தேன். "என்னம்மா, இதுக்கும் ரெண்டு கையெழுத்து வேணுமா?" என்றேன். முறைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் கிளம்பினார். பத்து நாளில் வந்துவிடுவேன் என்றார். செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் கடிதங்களைப் பார்க்கவும் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். இன்றோடு முப்பத்தொரு நாள். நேற்று பேசினார்.

"டைப்பு, இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல இருக்கு. இவர் நடக்கப் பழகறார். விட்டுட்டு வர முடியலை."

"எத்தனை நாள்மா?"

பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து வக்கீல் சார் குரல் கேட்டது. யாரு, டைப்பா, ஊர்ல என்ன விசேஷம்னு கேளுங்க, என்று. நர்ஸம்மா தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அதட்டுவது எனக்குக் கேட்டது. எத்தனை நாள் என்பதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. ஊர் விசேஷம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். இன்று காலை அவர் வீட்டைத் திறந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வந்திருந்த நான்கு மனுக்களையும் பிரித்து வாசித்துவிட்டு, பதில் அடிக்க உட்கார்ந்தேன்.